மகிழம்பூவின் எட்டு ஒட்டுகள்

சித்திரை மாதத்து இரவு ஒன்றில், ராஜபாளையத்தில் அக்காவின் தையல் கடைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். கடைக்குள் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் நான் ஸ்டிக்கரில் வெட்டி, துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டியிருந்த 'மகிழம்பூ' என்ற கடைப் பெயர், வெளிச்சத்துக்கு முன்னால் கறுப்பாகத் தெரிந்தது. நான்காவது எழுத்தான 'ம்'-இன் இடது கோட்டில் மட்டும் மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு வெள்ளை நூல். முடி அளவுதான் இருக்கும். ஆனால் பின்னால் விளக்கு எரியும்போது, முடி அளவு இடைவெளிகூட சாலைக்கு அந்தப் பக்கமிருந்து பளிச்சென்று தெரிகிறது. எழுத்தை யாரோ பிளேடால் கீறிவிட்டுப் போனது போல இருந்தது. கிட்டே போய் விரல் நகத்தை வைத்துப் பார்த்தேன். நகம் இடுக்கில் மாட்டியது. தை மாதம் ஒட்டும்போது இரண்டு துண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருந்தன. மூன்று மாத மேற்கு வெயில் அவற்றைப் பிரித்துவிட்டது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. யாரும் குறை சொல்லவில்லை. பாதிப் பேருக்கு அது கண்ணிலேயே படவில்லை. எனக்கு மட்டும் கண்ணை மூடினால் அந்த வெள்ளை நூல் தெரிந்தது. "2 அடி மெஷின் வெச்சிருக்கிற ஸ்டிக்கர் கடையில கொடுத்திருந்தா ஒரு மணி நேர வேலை, நீ ஏன்டா கிடந்து மல்லுக்கட்டுற?" என்று நண்பர்கள் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். அந்த இடைவெளியைப் பார்த்த பிறகு, அந்தப் பதில் சரியானதுதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது.

என்னிடம் இருப்பது, கணினியில் வரைந்ததை ஸ்டிக்கர் தாளில் கத்தியால் வெட்டித் தரும் 12 அங்குலக் கருவி. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்குப் பெயர் ஒட்டவும், டிபன் டப்பாவில் பூப் போடவும் வாங்கியது. உண்மையில் அது வெட்டும் அகலம் பதினொன்றரை அங்குலம்தான். இரண்டு ஓரத்திலும் உருளை பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் இடம் வேண்டும். அக்கா கடையின் கண்ணாடியோ 7 அடி அகலம். பெயர் சின்னதாக இருந்தால் போதும் என்று சொல்லவும் முடியாது. கடைப் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 விகிதத்தில் இடம் இருக்கவேண்டும் என்பது நம் மாநில அரசின் விதி. அக்காவுக்கு விதியைவிட விருப்பம்தான் பெரிது. "தெரு முனையில வர்ற ஆச்சிக்குத் தெரியணும்டா" என்றாள். அதனால் ஐந்து எழுத்தும் சேர்ந்து 76 அங்குலம். ஒவ்வொரு எழுத்தும் ஏறக்குறைய 15 அங்குல அகலம், 14 அங்குல உயரம். 'கி'யின் மேல்வளைவும், 'ழ'வின் வாலும், 'பூ'வின் கீழ்க்கொக்கியும் சேர்ந்தால் மொத்த உயரம் 22 அங்குலம். ஒரு எழுத்துகூட என் கருவிக்குள் முழுதாக அடங்காது.

கட்டம் போட்டு வெட்டியது

முதல் தடவை நான் செய்ததைத்தான் பெரும்பாலும் எல்லாரும் செய்வார்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் பெயரைத் தட்டச்சி, எழுத்தைக் கோடாக மாற்றி, மேலே பதினொன்றரை அங்குலக் கட்டங்களை வரைந்தேன். குறுக்கே 7, நெடுக்கே 2. மொத்தம் 14 துண்டு. வரைபடத்தை அறுத்து ஒவ்வொன்றாகக் கருவிக்கு அனுப்பினேன். (இங்க்ஸ்கேப்பிலேயே தட்டச்சியதற்குக் காரணம் உண்டு. கருவியோடு வந்த மென்பொருளில் 'தையலகம்' என்று அடித்தால், ஐகாரக் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் கொம்பு சேமிக்கப்படுகிறது. காட்டும்போது முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அதைச் செய்யாத மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன. தமிழில் வெட்டப்போகிறவர்கள் வேறிடத்தில் எழுத்தைக் கோடாக மாற்றிக்கொண்டு வருவதே நல்லது. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் கோடுகளை இணைத்துவிடவும் வேண்டும். இல்லையென்றால் கத்தி அந்த இரண்டு கோட்டின் மேலும் போய், நடுவில் நார் நாராகக் கிழித்துவைக்கும்.)

கட்டத்துக்கு எழுத்து தெரியாது என்பது ஒட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. நான்காவது கட்டம் முடிகிற 46-வது அங்குலத்தில் 'ம்'-இன் இடது கோடு நின்றுகொண்டிருந்தது. ஒன்றே முக்கால் அங்குலத் தடிமனுள்ள கோடு. கட்டத்தின் விளிம்பு அதன் இடது ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி, மேலிருந்து கீழாக அறுத்துக்கொண்டு போயிருந்தது. ஒரு பக்கம் அகலமான பட்டை, இன்னொரு பக்கம் தென்னங்குச்சி போல ஒரு கீற்று. அதை ஒட்டுவதற்குள் இரண்டு தடவை அது தன் மேலேயே சுருண்டு ஒட்டிக்கொண்டது. இரவில் வெளிச்சம் கசிந்தது அந்த இடத்தில்தான்.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். என் கருவி 300 மில்லிமீட்டர் கோட்டை 299.5 மில்லிமீட்டராக வெட்டுகிறது. ஒரு துண்டில் அது தெரியவே தெரியாது. நான் இடது ஓரத்தில் ஆரம்பித்து, ஒட்டிய துண்டின் விளிம்பில் அடுத்த துண்டை முட்டவைத்து, அப்படியே வலதுபக்கம் போனேன். 76 அங்குலம் போவதற்குள் அரை மில்லிமீட்டர்கள் சேர்ந்து 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது. 'பூ' கொஞ்சம் உள்வாங்கி நின்றது. போதாததற்கு 24 அங்குல ரோலை வீட்டில் கத்தரிக்கோலால் இரண்டாக்கி வைத்திருந்தேன். ஓரம் நேராக இல்லாததால் உருளைக்குள் தாள் லேசாகக் கோணிக்கொண்டே போனது. ரோலை அறுப்பதாக இருந்தால் இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கத்தியால்தான் அறுக்கவேண்டும்.

அக்கா கேட்ட கேள்வி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் கட்டங்களை நகர்த்திக்கொண்டிருந்தேன். கட்டத்தை 2 அங்குலம் வலப்பக்கம் தள்ளினால் 'ம்' தப்பிக்கும், 'ழ' மாட்டும். இடப்பக்கம் தள்ளினால் 'கி'யின் வளைவில் போய் முட்டும். அக்கா ஒரு ரூபியா துணியை மேசையில் விரித்து ஜாக்கெட் வெட்டிக்கொண்டிருந்தாள். சாக்கட்டியைக் காதோரம் செருகிக்கொண்டு வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கோடு எல்லாம் என்னது?"

"வெட்டுற இடம்க்கா. மெஷின் அகலம் அவ்வளவுதான்."

"மெஷின் அகலத்துக்கா எழுத்த வெட்டுவ? 80 சென்டி பிட்டுலதான் நானும் ஜாக்கெட் வெட்டுறேன். துணி முடியுற இடத்துலயா தையலப் போடுறேன்?"

எனக்கு உடனே புரியவில்லை. அவள் அந்த ஜாக்கெட்டின் முன்துண்டை எடுத்து என் தோளில் வைத்துக் காட்டினாள். தோள் மேட்டில் ஒரு தையல். கைக்குழியைச் சுற்றி ஒரு தையல். பக்கவாட்டில் ஒன்று. மார்புக்குக் கீழே பட்டி சேருகிற இடத்தில் ஒன்று. "உடம்பு எங்க திரும்புதோ அங்கதான் தையல் வரணும். அங்க ஏற்கெனவே கண்ணு நின்னு திரும்பும். அந்த இடத்துல தையல் இருந்தா தையல்னே தோணாது. நடு முதுகுல சும்மா ஒரு தையல் போட்டுப் பாரு, ஊரே பாக்கும்."

முப்பது வருடமாக அவள் ஜாக்கெட் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டையில் ஏன் அந்த இடங்களில் தையல் இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. திரையைத் திரும்பிப் பார்த்தபோது, 'ம' எனக்கு முதல் தடவையாக ஒரு உடம்பு போலத் தெரிந்தது. நேராக இறங்கும் ஒரு கோடு, கீழே மூலையில் திரும்பி வலப்பக்கம் போகிறது, அங்கிருந்து ஏறிச் சுற்றுகிறது. சுற்றுக்கு முன்னால், அடிக்கோட்டில், கோட்டுக்குக் குறுக்கே ஒரே ஒரு வெட்டு. இரண்டு துண்டும் சேரும் அந்த ஒட்டின் நீளம் கோட்டின் தடிமனான ஒன்றே முக்கால் அங்குலம் மட்டும். கட்டம் போட்டபோது அதே எழுத்தில் 14 அங்குல நீளத்துக்கு ஒட்டு வந்திருந்தது. கோட்டின் நெடுக்கே போகும் ஒட்டு எப்போதும் நீளமானது. குறுக்கே போவது எப்போதும் குட்டையானது. இவ்வளவு எளிய விஷயம், கருவியின் அகலத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் என் கண்ணில் படவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து எழுத்தையும் பிரித்துவிட்டேன். 'ம' இரண்டு துண்டு. 'கி'யில் 'க' இரண்டு, மேல்வளைவு தொடங்கும் கழுத்தில் அறுத்தால் அது மூன்றாவது. 'ழ'வின் உடல் இரண்டு, கீழே இறங்கும் வால் தனி. 'ம்' இரண்டு, புள்ளி தனியாகவே இருக்கிறது. 'பூ'வில் 'ப' இரண்டு, கொக்கி ஒன்று. எண்ணிப் பார்த்தால் பழையபடி அதே 14 துண்டுதான். ஆனால் ஒட்டு விழும் இடங்கள் மொத்தம் எட்டு. அந்த எட்டில் ஒன்றுகூட ஒரு கோட்டின் தடிமனைவிட நீளமில்லை.

தமிழ் எழுத்து இதற்கு எவ்வளவு தோதாக இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. கால், கொம்பு, புள்ளி எல்லாம் பிறக்கும்போதே தனித்தனித் துண்டுகள். 'கோ' என்று ஒரு கடைப் பெயர் ஆரம்பித்தால் அது ஒட்டே இல்லாமல் மூன்றாகப் பிரியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கையோடு ஒட்டிய ஒரே உருவம். சீர்திருத்தம் அவற்றுக்கும் கொம்பைத் தனியே பிரித்துக் கொடுத்தது. அச்சுக்காகவும் தட்டச்சுக்காகவும் செய்தது, இன்று என் மேசை மேல் இருக்கும் சின்னக் கருவிக்கும் உதவுகிறது. எனக்குப் பழைய தும்பிக்கை எழுத்தின் மேல் பிரியம் உண்டு. ஆனாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

நனைத்த துணி

வெட்டும் இடம் சரியாகிவிட்டது. ஆனால் இடைவெளி ஏன் வந்தது என்பது தனிக் கதை. ஸ்டிக்கர் தாள் என்பது வினைல் என்ற பிளாஸ்டிக். நமக்குக் கடையில் சுலபமாகக் கிடைக்கும் வினைல் பெரும்பாலும் சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி, இழுத்து, தாளாக்கியது. இழுபட்ட அந்தப் பிளாஸ்டிக், வெயிலில் சூடாகும்போதெல்லாம் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். திரவமாக ஊற்றிக் காயவைத்துச் செய்யும் இன்னொரு வகை உண்டு. அதை இழுப்பதில்லை, அதனால் சுருங்குவதும் மிகக் குறைவு. விலை கூடுதல், வளைந்த வண்டி உடம்புகளுக்குத்தான் அதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். நான் ஒட்டியது முதல் வகை, கருஞ்சிவப்பு நிறம், மேற்குப் பார்த்த கண்ணாடி. சுருங்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவளுக்கு அது புதுச் செய்தியாகவே இல்லை. ஜாக்கெட்டுக்கு லைனிங் வைக்கும் பருத்தித் துணியை அவள் முதல்நாள் இரவே தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டுவிடுவாள். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல்துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். வினைலை நனைத்துக் காயப்போட வழியில்லை. ஆனால் அவள் சொன்ன அடுத்த இரண்டும் அப்படியே பொருந்தின. ஒன்று, எல்லாத் துண்டையும் துணியின் நூல் ஓடும் ஒரே திசையில் வெட்டவேண்டும். நான் முதல் தடவை ஸ்டிக்கரை மிச்சம் பிடிப்பதற்காகச் சில துண்டுகளைப் படுக்கவைத்தும் சிலவற்றை நிறுத்தியும் வெட்டியிருந்தேன். வினைல் ரோலின் நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும். ஒட்டின் இரண்டு பக்கமும் வெவ்வேறு திசையில் இழுத்தால் அது பிரியாமல் என்ன செய்யும்? இரண்டாவது, தையலுக்கு விட்டு வெட்டவேண்டும். "அளவு 32ன்னா 32க்கா வெட்டுவோம்? தையலுக்கு உள்ள விடணும்ல?"

3 மில்லிமீட்டர் விட்டேன். இரண்டு துண்டுக்கும் விடக்கூடாது; அடியில் போகும் துண்டுக்கு மட்டும். அப்போதுதான் மேலே தெரியும் விளிம்பு எழுத்தின் சரியான கோட்டில் நிற்கும், கூடுதல் பகுதி கண்ணுக்குப் படாமல் உள்ளே போய்விடும். மேல்துண்டின் கூர்முனைகளைக் கொஞ்சம் உருட்டிவிட்டேன். கூரான மூலைதான் முதலில் எழும்பும். எது அடியில், எது மேலே என்பதற்கு ஓட்டுக் கூரைதான் கணக்கு. கீழ்வரிசையை முதலில் வைத்து, மேல்வரிசை அதன்மேல் ஏறவேண்டும். மழைத் தண்ணீர் ஒட்டுக்குள் நுழையாமல் வழிந்துவிடும். அதனால் 'ழ'வின் வால் முதலில், உடல் அதன்மேல்.

ஒட்டை ஒளிக்கவே முடியாது என்று நான் இப்போது நினைக்கிறேன். பெரிய கருவி வைத்திருப்பவர்களுக்கும் இது உண்டு. பேருந்தின் முழுப் பக்கத்தையும் மூடும் விளம்பரத்தைப் பாருங்கள். அதுவும் பட்டை பட்டையாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டியதுதான். வண்டிகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள், கதவும் உடம்பும் சேரும் இடுக்கிலேயே பிளேடை விட்டு அறுப்பதைக் கவனித்திருக்கிறேன். அவர்கள் ஒட்டை வண்டியிலேயே இருக்கும் கோட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். 12 அங்குலமோ 4 அடியோ, அகலம் ஓரிடத்தில் முடியத்தான் செய்யும். நண்பர்களுக்கு நான் வைத்திருந்த பதிலை மாற்றிக்கொண்டேன். சின்னக் கருவி போதும் என்று இப்போது சொல்வதில்லை. எங்கே அறுப்பது என்று தெரிந்தால் சின்னக் கருவி போதும் என்று சொல்கிறேன்.

கண்ணாடியின் இரண்டு பக்கம்

பழையதை உரிக்க ஒரு முழு மாலை ஆனது. ஹேர் டிரையரால் சூடுகாட்டி ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் முழுதாக வந்துவிடும். கண்ணாடியில் தங்கிய பசையை நீலகிரித் தைலம் தொட்ட துணி எடுத்துவிட்டது. மறுநாள் காலை ஆறரைக்கே ஆரம்பித்தோம். வெயில் ஏறிச் சூடான கண்ணாடியில் பசை தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், பிறகு நகர்த்த முடியாது.

இந்தத் தடவை முழுப் பெயரையும் நிஜ அளவில் தாளில் அச்சிட்டிருந்தேன். பிடிஎஃப்பை போஸ்டர் முறையில் அச்சிட்டால் ஏ4 தாள்களாகப் பிரித்துக் கொடுக்கிறது. 21 தாள், ஒன்றோடொன்று ஒட்டியது. அளவு 100 சதவீதம் என்று இருக்கிறதா என்று பார்த்து, டேப் வைத்து 76 அங்குலத்தையும் அளந்தும் பார்த்துவிட்டேன். அந்தத் தாளைக் கண்ணாடிக்கு உட்பக்கம் ஒட்டினோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு துண்டும் போகவேண்டிய இடம் தெரிகிறது. சுவராக இருந்தால் நூல் அடிக்கவேண்டும், ரசமட்டம் பிடிக்கவேண்டும். கண்ணாடிக்கு அது எதுவும் வேண்டாம்.

ஆனால் கண்ணாடி 12 மில்லிமீட்டர் தடிமன். தாள் அந்தப் பக்கம், ஸ்டிக்கர் இந்தப் பக்கம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கோடு 3, 4 மில்லிமீட்டர் தள்ளித் தெரியும். நேர் எதிரே, கண்ணும் கோடும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நின்று பார்த்தால்தான் உண்மை. உயரத்தில் இருந்த 'கி'யின் வளைவுக்கு ஸ்டூல் மேல் ஏறினேன், 'ழ'வின் வாலுக்கு மண்டி போட்டேன். அக்கா உள்ளே நின்றுகொண்டு, தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து விரலால் மேலே, கீழே என்று காட்டினாள். கண்ணாடிக்குள்ளிருந்து அவள் பேசுவது கேட்கவில்லை, அதனால் இரண்டு பேரும் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டோம். அவளுக்கு எல்லா எழுத்தும் இடவலம் மாறித் தெரியும். "உன் வலது, என் இடது, அங்க கொஞ்சம் ஏத்து" என்று அவள் சொல்வதைப் பழகிக்கொள்ள முதல் எழுத்து முழுவதும் ஆனது.

நடு எழுத்தான 'ழ'வில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் போனோம். எந்தத் துண்டையும் பக்கத்துத் துண்டோடு முட்டவைத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் தாளில் உள்ள தன் கோட்டுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். கருவியின் அரை மில்லிமீட்டர் பிழை அந்தந்தத் துண்டோடு முடிந்துபோகிறது, அடுத்ததற்குப் போய்ச் சேர்வதில்லை. தெளிப்பானில் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு பாத்திரம் விளக்கும் திரவம். கண்ணாடியை நனைத்து, வெட்டிய துண்டை அப்படியே தூக்கிவைக்க உதவும் டிரான்ஸ்பர் டேப்போடு துண்டை வைத்தால் அது மிதக்கும், விரலால் தள்ளலாம். இடம் சரியானதும் ஸ்கிரேப்பரை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துத் தண்ணீரை வெளியேற்றவேண்டும். ஈரத்தில் ஒட்டியதற்குப் பொறுமை வேண்டும். அரை மணி நேரம் போகாமல் டேப்பை உரித்தால் எழுத்தும் கூடவே எழுந்து வரும். உரிக்கும்போது டேப்பை நேராக இழுக்காமல், கண்ணாடியோடு மடித்துப் படுக்கவைத்து இழுக்கவேண்டும்.

கடைசியாக 'ம்'-இன் புள்ளியை ஒட்டினோம். 2 அங்குல வட்டம். முழுப் பெயரிலும் ஒட்டில்லாத ஒரே எழுத்துறுப்பு அதுதான். அதை மட்டும் அக்கா வெளியே வந்து தானே வைத்தாள்.

'ழ'வின் வால் சேருமிடத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகல் இருக்கிறது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மறுபடி வெட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம், இந்த ஸ்டிக்கர் வெளுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள். நான் பொருள்களை எடுத்துவைப்பதற்குள் அவள் உட்பக்கத் தாளைக் கிழியாமல் உரித்துவிட்டாள். மேசையில் விரித்து, எட்டு ஒட்டும் வரும் இடங்களை என்னிடம் கேட்டு சாக்கட்டியால் குறித்துக்கொண்டாள். வாடிக்கையாளர்களின் அளவு ஜாக்கெட்டுகளுக்கு வெட்டிவைத்த பழுப்புத் தாள்கள் ஒரு ஆணியில் தொங்குகின்றன. இதையும் நான்காக மடித்து, மேலே தேதி எழுதி, அதே ஆணியில் குத்திவைத்தாள்.